கேபினட்டை வெட்டி வாட்டர் கூலிங் பொருத்துவது: வேலூர் வெயிலில் ஒரு தொடக்கப் பாடம்

வேலூரில் கத்திரி வெயில் நாட்களில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால், பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவிலும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் அப்படிப்பட்ட அறைகளில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: கம்ப்யூட்டரின் தகட்டுப் பெட்டியான கேபினட்டைப் புதிதாக வாங்காமல், இருக்கிற கேபினட்டையே வெட்டி வாட்டர் கூலிங் போட முடியுமா? முடியும். எதை வெட்டுகிறோம், எதற்காக வெட்டுகிறோம் என்று புரிந்த பிறகு டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தால் நன்றாகவே முடியும்.

தண்ணீர் செய்யும் வேலை

ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,180 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். அதாவது ஒரே அளவு இடத்தில் தண்ணீர் சுமக்கும் வெப்பம், காற்று சுமப்பதைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். அதனால்தான் விரல் பருமன் டியூபில் ஓடும் கொஞ்சம் தண்ணீர், பிராசசரின் மொத்தச் சூட்டையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

தூக்கிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. பிராசசர் மேல் ஒரு செம்புப் பிளாக் உட்கார்ந்திருக்கும். அதற்குள் மெல்லிய வரிப்பள்ளங்கள். பம்பு தள்ளும் தண்ணீர் அந்தப் பள்ளங்கள் வழியே ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு, டியூப் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். ரேடியேட்டரில் ஃபேன் காற்றை அடித்து அந்தச் சூட்டை எடுக்கும். தண்ணீர் திரும்பவும் பிளாக்குக்கு வரும். லாரி எஞ்சினில் நடப்பதும் இதேதான்.

இந்தச் சுற்றில் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் சுற்றில் 250 வாட் வெப்பம் ஏறினால், பிளாக்குக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 1.2 டிகிரிதான். ஆகவே டியூப் முதலில் எங்கே போக வேண்டும், அப்புறம் எங்கே போக வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எந்த வரிசையில் போட்டாலும் பெரிய மாற்றம் இருக்காது.

இனிதான் முக்கியமான விஷயம். தண்ணீர் கொண்டுவந்த சூட்டைக் கடைசியில் வாங்கிக்கொள்வது அறைக் காற்று. அறை 38 டிகிரி என்றால் தண்ணீர் 38-க்குக் கீழே ஒருநாளும் இறங்காது. நல்ல அமைப்பில் அது அறையைவிட 10 டிகிரி அளவுக்கு மேலே, 48-ல் போய் நிற்கும். பிராசசர் அதற்கும் மேலே 20, 30 டிகிரி காட்டும். குளிர்ந்த ஊரில் ஒருவர் எடுத்துப் போடும் படத்தில் 60 டிகிரி என்று இருப்பதைப் பார்த்து, நம்முடைய 75 தவறு என்று எண்ண வேண்டியதில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அந்த வரம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதுதான் நமக்குக் கணக்கு.

ஐஸ் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். தண்ணீர் அறையைவிடச் சூடாக இருக்கும்வரை டியூபின் வெளிப்புறத்தில் ஈரம் கோக்காது. பக்கத்தில் ஏர் கூலர் ஓடி அறை ஈரமாக இருந்தாலும் பயமில்லை. ஐஸ் போட்டுத் தண்ணீரைக் குளிரவைத்தால், குளிர்ந்த சொம்பின் மேல் வியர்ப்பது போல பிளாக்கும் வியர்க்கும். அந்தச் சொட்டுகள் விழும் இடம் மதர்போர்டு.

வெட்டுவது காற்றுக்காக

சூட்டைக் கடைசியில் வாங்குவது காற்று என்பதால், கேபினட்டை வெட்டுவதும் காற்றுக்காகத்தான். தண்ணீர் போக இரண்டு சின்ன ஓட்டைகள் போதும். காற்றுக்கோ பெரிய வாசல் வேண்டும்.

300 வாட் வெப்பத்தை, காற்று 10 டிகிரி மட்டும் சூடாகும்படி வெளியேற்ற, வினாடிக்கு ஏறத்தாழ 26 லிட்டர் காற்று ரேடியேட்டரைக் கடந்து போக வேண்டும். மலிவான பழைய கேபினட்டின் கூரையைப் பாருங்கள். சின்னச் சின்ன வட்ட ஓட்டைகள் குத்தியிருக்கும். ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனின் வாய் 114 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்தால், பரப்பு 102 சதுர சென்டிமீட்டர். அந்த இடத்தில் தகடு மூடியது போக 40 சதவீதம்தான் திறந்திருக்கிறது என்றால், காற்றுக்குக் கிடைப்பது 41 சதுர சென்டிமீட்டர். விலை உயர்ந்த ரேடியேட்டரை வாங்கி இந்தத் தகட்டுக்குப் பின்னால் மாட்டினால், ஃபேன் கத்தும், சூடு இறங்காது. முழு வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, கம்பி வலை கிரில் ஒன்றை மாட்டினால் சத்தமும் குறையும், சூடும் இறங்கும். கேபினட்டை நம் தேவைக்கு மாற்றியமைப்பதை மாடிங் என்று பெரிய பெயர் சொல்லி நாம் செய்வதில் பாதி இதுதான்.

எல்லாருக்கும் இந்த வேலை தேவையா என்றால், இல்லை. 65 வாட் பிராசசருக்கு, தண்ணீர் இல்லாமல் ஃபேன் காற்றாலேயே அதைக் குளிர்விக்கும் ஒரு நல்ல டவர் ஏர் கூலர் தாராளமாகப் போதும். 150, 200 வாட் இழுக்கும் பிராசசர், மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர், புரோகிராம் கோடு கம்பைல், அல்லது சத்தம் குறைய வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் இறங்கலாம். கனத்த தகட்டில் செய்த பழைய கேபினட் கையில் இருந்தால் இன்னும் நல்லது. புதிதாக வரும் மலிவுக் கேபினட்களில் தகடு அரை மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை. ரேடியேட்டரைத் தொங்கவிட்டால் கூரை வளையும்.

அளவு எடுப்பது

வேலையில் அதிக நேரம் போக வேண்டிய இடம் இது. வெட்டுவது அரைநாள் வேலை. அளவு எடுப்பதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாலும் தகும்.

ரேடியேட்டரின் பெயரில் இருக்கும் 240, 360 என்பது ஃபேன்களின் கூட்டு நீளம். இரண்டு 120 ஃபேன் என்றால் 240, மூன்று என்றால் 360. இரண்டு 140 ஃபேன் என்றால் 280. ரேடியேட்டரின் உண்மையான நீளம் இதைவிட அதிகம். இரண்டு முனையிலும் தண்ணீர்த் தொட்டிப் பகுதி இருப்பதால், சாதாரண 240 ரேடியேட்டர் 275 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும், 360 ரேடியேட்டர் 395-ஐ எட்டும். தடிமன் 27 மில்லிமீட்டர், ஃபேன் 25 மில்லிமீட்டர், ஆக மொத்தம் 52. தடித்த ரேடியேட்டர் என்றால் அதுவே 70, 85 என்று போகும்.

இந்த 52 மில்லிமீட்டர் எங்கே கிடைக்கும்? கூரையில் மாட்டுவதாக இருந்தால், மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பழைய கேபினட்களில் அது 10, 15 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. ஏடிஎக்ஸ் என்கிற பெரிய அளவு போர்டு 305 மில்லிமீட்டர் உயரம், மைக்ரோ ஏடிஎக்ஸ் என்கிற சின்ன அளவு 244. ஆனால் சின்ன போர்டும் மேல்விளிம்பை ஒட்டித்தான் உட்காரும், மிச்சமாகும் இடம் கீழே போய்விடும். ஆகவே ரேடியேட்டரைப் பக்கக் கதவை நோக்கித் தள்ளி மாட்டலாமா என்று பார்க்க வேண்டும். அப்படித் தள்ளினால் அது போர்டுக்கு மேலே நிற்காமல் போர்டுக்கு முன்னால் நிற்கும். அப்போது இடிப்பது ரேம்தான். உயரமான ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோக உறை) வைத்த ரேம் 44 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும், சாதாரண ரேம் 32-க்குள் நிற்கும். மேல் விளிம்பில் செருகும் பிராசசர் பவர் கேபிளுக்கும் விரல் நுழைய இடம் விடுங்கள்.

முன்பக்கம் மாட்டுவது பல பழைய கேபினட்களில் சுலபம். சிடி டிரைவ், ஹார்டு டிஸ்க் வைக்கும் கூடுகள் அங்கேதான் இருக்கும், இன்று அவற்றுக்கு வேலை இல்லை. அவை பாப் ரிவெட்டில் நிற்பவை. ரிவெட்டின் தலையில் 4 மில்லிமீட்டர் பிட்டை வைத்து மெதுவாக ஓட்டினால் தலை கழன்றுவிடும், கூடு கையோடு வரும். அதற்கு முன் கிராபிக்ஸ் கார்டின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கேபினட்டின் உள் ஆழத்திலிருந்து 52-ஐக் கழித்தால் மிஞ்சுவது கார்டுக்குப் போதுமா? 300 மில்லிமீட்டரைத் தாண்டும் கார்டுகள் இன்று சாதாரணம்.

இரண்டும் முடியாவிட்டால் ரேடியேட்டரைக் கூரைக்கு வெளியே வைத்து, ஃபேனை மட்டும் உள்ளே வைக்கலாம். அழகு கொஞ்சம் குறையும், ஆனால் வேலை செய்யும். இதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லாப் பாகமும் ஏற்கெனவே சேர்த்து மூடி வரும் ஏஐஓ என்கிற அமைப்பில் டியூபைக் கழற்ற முடியாது. பிளாக்கும் பம்பும் சேர்ந்த தலை முழுசாக ஓட்டை வழியே போக வேண்டும். டியூப் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டு அப்புறம் விழிக்கக்கூடாது. தகட்டின் ஓரத்திலிருந்து யு வடிவில் வெட்டி, டியூபைப் பக்கவாட்டில் நுழைத்து, திறந்த வாயைச் சின்னத் தகட்டால் மூடுவது நல்ல வழி. தனித்தனிப் பாகமாக வாங்கிச் சேர்க்கும் கஸ்டம் லூப்பில் இந்தத் தொல்லை இல்லை.

திருகு ஓட்டைகளுக்கு வருவோம். 120 ஃபேனில் ஓட்டைக்கு ஓட்டை 105 மில்லிமீட்டர், 140 ஃபேனில் 124.5. இரண்டு 120 ஃபேன் அடுத்தடுத்து நிற்கும்போது நடுவில் உள்ள ஓட்டைகளின் இடைவெளி பெரும்பாலும் 15. ஆக ஒரு கோட்டில் 0, 105, 120, 225 என்று நான்கு புள்ளிகள் விழும். இருந்தாலும் காகிதக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். கெட்டி அட்டையை ரேடியேட்டர் மேல் வைத்து ஓட்டைகளைக் குத்தி எடுத்து, அதே அட்டையைக் கேபினட் மேல் வைத்துப் பாருங்கள். ரேடியேட்டர் அளவுக்கும் ஒரு அட்டைப்பெட்டி செய்து, போர்டும் கார்டும் இருக்கும்போதே உள்ளே வைத்துப் பக்கக் கதவை மூடிப் பாருங்கள். அட்டைப்பெட்டியோடு கதவு மூடினால் ரேடியேட்டரோடும் மூடும்.

தகட்டு வேலை

வெட்டுவதற்கு முன் போர்டு, எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், டிஸ்க், முன்பக்க சுவிட்ச் ஒயர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வேறு அறையில் வையுங்கள். இரும்புத் தூள் மின்சாரம் கடத்தும். ஒரு துணுக்கு போர்டின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒட்டினாலும் ஷார்ட் ஆகும். "பாலிதீன் போட்டு மூடிவிட்டேன்" என்பது போதாது. கண்ணாடிக் கதவு இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

வெட்டும் இடம் முழுக்க உள்ளும் புறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் கோடு போடுங்கள். கோடு தெளிவாகத் தெரியும், பெயின்ட்டும் கீறாது. ஓட்டை போடும் இடத்தில் சென்டர் பஞ்ச்சை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் டிரில் பிட் வழுக்காது. முதலில் 3 மில்லிமீட்டர் ஓட்டை, பிறகு தேவையான அளவு.

பெரிய வட்டத்துக்கு, டிரில்லிங் மெஷினில் மாட்டும் வட்ட ரம்பமான ஹோல் சா நல்லது. 120 ஃபேனுக்கு நாலரை இஞ்ச், அதாவது 114 மில்லிமீட்டர் அளவு சரியாகப் பொருந்தும். மெஷினை மெதுவாக ஓட்டி, அடியில் பலகை வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வெட்டுங்கள். ஜிக்சாவும் ஆகும், இரும்புக்கான நெருங்கிய பல் பிளேடு வேண்டும், தகடு அதிராமல் கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும். பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் ஆங்கிள் கிரைண்டரைத்தான் எடுப்பார்கள். நேர்கோட்டுக்கு அது சரி. வளைவுக்கு வேண்டாம். மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும், சுற்றிலும் பெயின்ட் கருகும்.

உங்களிடம் கருவி இல்லையென்றால் பீரோ செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கம்ப்யூட்டர் கடையைவிட அங்கே தகடு தெரிந்த கை இருக்கும். நாள் முழுக்க இதே மாதிரித் தகட்டில்தான் அவர்கள் வேலை செய்கிறார்கள். அட்டை அச்சையும் ரேடியேட்டரையும் கூடவே எடுத்துப் போய், "அண்ணே, கோட்டுக்கு உள்பக்கமா வெட்டுங்க, மிச்சத்த நான் அரம் போட்டு எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். குறைவாக வெட்டியதைச் சரிசெய்யலாம், கூடுதலாக வெட்டியதை ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த வழி இன்னொன்று உண்டு. கூரையில் ஒரு நீள்சதுரத்தைச் சுமாராக வெட்டி எடுத்துவிட்டு, அதன் மேல் தனியாக லேசரில் வெட்டிய தகடு ஒன்றைத் திருகி மூடுவது. வட்டங்களும் திருகு ஓட்டைகளும் அந்தத் தகட்டில் துல்லியமாக விழும். கையால் வெட்டிய ஓரம் அடியில் மறைந்துவிடும். இராணிப்பேட்டை சிப்காட் பக்கம் தகட்டு வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. பாய்லர் துணைக்கருவிகள் செய்யும் பெல் ஆலை இருக்கும் ஊர் அது. ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் போட்டால், வெட்டியதால் கூரை இழந்த பலமும் திரும்பக் கிடைக்கும். இந்த வழியில் போகாமல் கூரையிலேயே நேராக வட்டம் வெட்டுபவர்கள், இரண்டு வட்டங்களுக்கு நடுவே உள்ள தகட்டை எடுத்துவிடாதீர்கள். சுற்றிலும் குறைந்தது 10 மில்லிமீட்டர் விளிம்பும் நிற்கட்டும்.

வெட்டிய ஓரம் பிளேடு போல இருக்கும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அரைவட்ட அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். கேபினட் தகட்டுக்குத் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு இருக்கும், ஆனால் வெட்டிய ஓரத்தில் இரும்பு வெறுமையாக நிற்கும். ரெட் ஆக்சைடு ஒரு கை அடித்து, காய்ந்த பிறகு பெயின்ட் அடியுங்கள். டியூப் போகும் ஓட்டைக்கு, ஓரம் டியூபை அறுக்காமல் காக்கும் ரப்பர் குரோமெட் (வளையம்) கட்டாயம். எல்லாம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காந்தம் ஒன்றை மூலை முடுக்கெல்லாம் ஓட்டித் தூளை எடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது

திருகின் நீளத்தைக் கவனியுங்கள். ஃபேனைத் துளைத்துப் போகும் திருகு 30 மில்லிமீட்டர், தகட்டை நேராக ரேடியேட்டரில் பிடிக்கும் திருகு 5, 6 மில்லிமீட்டர். இடம் மாற்றி நீளமானதைத் தகட்டுப் பக்கம் முறுக்கினால், அது ரேடியேட்டரின் தண்ணீர்க் குழாயைக் குத்திவிடும். நல்ல ரேடியேட்டரும் இந்த ஒரு தவறால் வீணாகிவிடும்.

சுற்றுக்குள் சிக்கிய காற்று எப்போதும் மேலே போய் உட்காரும். ஆகவே ஏஐஓவில் பம்பு இருக்கும் தலை எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கக்கூடாது. ரேடியேட்டர் கூரையில் இருந்தால் கவலையே இல்லை. முன்பக்கம் என்றால் அதன் மேல் முனை பம்பைவிட உயரமாக நிற்க வேண்டும். கேபினட்டின் அடியில் ரேடியேட்டர் மாட்டுவதைத் தவிருங்கள்.

காற்று உள்ளே வரட்டுமா, வெளியே போகட்டுமா? முன்பக்க ரேடியேட்டர் என்றால் உள்ளிழுக்கட்டும், அறையின் புதுக் காற்று கிடைக்கும். கூரையில் என்றால் வெளியே தள்ளட்டும். மேலிருந்து உள்ளிழுத்தால் நம் ஊர்ப் புழுதி மொத்தமும் ரேடியேட்டரில்தான் படியும். கூரை வழியே வெளியேற்றும்போது கிராபிக்ஸ் கார்டின் சூடும் ரேடியேட்டரைக் கடந்து போகும், சில டிகிரி கூடும். அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் புதுக் காற்று வர முன்பக்கமும் திறந்திருக்க வேண்டும். கூரையை வெட்டிவிட்டு முன்பக்கத்தை மூடியே வைத்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

கஸ்டம் லூப் போடுபவர்களுக்குத் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. பாலாற்றங்கரை ஊர்களின் போர்த் தண்ணீர் எவ்வளவு கனத்தது என்பது வீட்டு ஹீட்டரின் உள்ளே படியும் வெள்ளை உப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேன் தண்ணீரிலும் உப்புகள் உண்டு. ரெடிமேட் கூலன்ட், அல்லது டிஸ்டில்டு வாட்டரில் பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கலந்தது, இவை இரண்டு தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். செம்புப் பிளாக்கையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே சுற்றில் சேர்க்காதீர்கள். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். மலிவு விலையில் கிடைக்கும் ரேடியேட்டர்கள் பல அலுமினியம்தான், கேட்டு வாங்குங்கள்.

லூப்பை நிரப்பியதும் கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள். பம்புக்கு மட்டும் கரன்ட் கொடுத்து 24 மணி நேரம் ஓடவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஓட்ட, போர்டில் செருகும் பெரிய 24 பின் கனெக்டரில் மாட்டும் ஜம்பர் பிளக் கிடைக்கும். எஸ்எம்பிஎஸ் அணைந்திருக்கும்போது அதை மாட்டுங்கள். போர்டுக்கும் கார்டுக்கும் ஒரு ஒயர்கூடப் போகக்கூடாது. ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். குமிழிகள் வெளியேற கேபினட்டை அப்படியும் இப்படியும் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகச் செய்யும் கனமான வேலையைக் கொடுத்து அரைமணி நேரம் ஓட்டுங்கள். தண்ணீர் முழுசாகச் சூடேறி நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும், ஐந்து நிமிடத்தில் பார்க்கும் எண் பொய் சொல்லும். அறையின் வெப்பநிலையையும் பிராசசரின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது பக்கக் கதவைக் கழற்றிவிட்டு இன்னொரு அரைமணி நேரம் ஓட்டுங்கள். எண் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறங்காவிட்டால் காற்றுக்குப் போதிய வழி இருக்கிறது, கதவை மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஏழெட்டு டிகிரி இறங்கினால் கேபினட் இன்னும் மூச்சுத்திணறுகிறது. பெரும்பாலும் முன்பக்க முகப்பில்தான் அடைப்பு இருக்கும். அடுத்து வெட்ட வேண்டியது அதைத்தான்.